நம்பாத காகிதத்துக்கு வைக்கும் விரல்

எங்கள் பிளாக்கில் லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'சர்வதேசச் சட்டமும் மனித உரிமைகளும்: ஓர் அறிமுகம். சனிக்கிழமைதோறும் காலை பதினொரு மணி. கீழ்த்தள அறை. அனைவரும் வருக. தேநீர் உண்டு.' எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முடித்ததும் அந்தத் தேநீரில்தான் என் சந்தேகம் போய் நின்றது. நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீயும் கொடுக்கிறார்கள் என்றால் நம்மிடமிருந்து எதையோ எடுக்கப் போகிறார்கள். எடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? கைநாட்டு இருக்கிறது.

நான் பெரும்பாக்கத்துக்கு விரும்பி வந்தவள் இல்லை. பொழிச்சலூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் எங்களுக்கு வீடு இருந்தது. என் வீட்டுக்காரர் கொத்தனார், நான் சித்தாள். நாவலூரில் கண்ணாடி கண்ணாடியாக நிற்கிறதே கட்டடங்கள், அவற்றில் நாலைந்துக்கு நான் கலவை சுமந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சுவர் எழுப்பினோம். அவர் கல் வைக்க, நான் கல் எடுத்துக் கொடுக்க, ஆறு வருஷத்தில் எழும்பிய வீடு.

அங்கே ஒருநாள் மருத்துவ முகாம் என்று சொல்லிக்கொண்டு சிலர் வந்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். டானிக் பாட்டில் கொடுத்தார்கள். வந்தவர்கள் பட்டியலுக்காக என்று நீளக் காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அவர்கள் யார், யார் அனுப்பினார்கள் என்பது இன்றைக்கும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சில மாதம் கழித்து இடிக்கிற வண்டி வந்தது. குறுக்கே போய் நின்றோம். அப்போது அந்தக் காகிதத்தைத்தான் விரித்துக் காட்டினார்கள். நாங்கள் எல்லோரும் மனமுவந்து காலி செய்ய ஒப்புக்கொண்டோம் என்று மேலே டைப் அடித்திருந்தது. கீழே எங்கள் விரல்கள்.

என் விரல் இல்லை, என் கையெழுத்து. அதைச் சொல்லத்தான் வேண்டும். நாற்பது வயதில் சாயங்கால வகுப்புக்குப் போய், சிலேட்டு பிடித்து, பஸ் போர்டும் சினிமா போஸ்டரும் படித்துப் படித்துக் கற்றுக்கொண்ட எழுத்து அது. மற்றவர்கள் கைநாட்டு வைக்கும்போது நான் மட்டும் பேனாவை வாங்கி என் பெயரை எழுதுவேன். அந்தக் காகிதத்தில் மற்றவர்கள் ரேகையெல்லாம் மங்கலாக இருந்தது. என் பெயர்தான் முத்து முத்தாக இருந்தது. வண்டியோடு வந்தவர் அதன்மேல் விரலை வைத்து, "படிச்சவங்களே சம்மதிச்சு கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார். மேலே டைப் அடித்திருந்ததை நான் படிக்காமல் போட்டதுதான் என் தப்பு. பெயர் எழுதுகிற சந்தோஷத்தில் கண் மேலே போகவில்லை.

வீடு இடிந்த எங்களைப் பெரும்பாக்கத்து அரசாங்க அடுக்குமாடியில் கொண்டுவந்து போட்டார்கள். இங்கே வந்தபின் ஒரு வழக்கம் உண்டாயிற்று. அதை ஆரம்பித்தவள் நான்தான். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. யாராவது காகிதம் நீட்டினால், ஆள் நம்பத் தகுந்தவர்தானா என்று பார்ப்போம். நம்பினால் கட்டைவிரல். நம்பாவிட்டால் மோதிர விரல். 'நானே வெக்கிறேன் சார்' என்று கையை மடக்கிக்கொண்டு, மோதிர விரலை மையில் தொட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் உருட்டி வைத்தால் அகலமாக விழும். பார்க்கிறவருக்குக் கட்டைவிரல் போலத்தான் இருக்கும். நாளைக்கு யாராவது அந்தக் காகிதத்தை விரித்தால், 'இது என் கைநாட்டே இல்லை, வேணும்னா கட்டைவிரலை வெச்சுப் பாரு' என்று சொல்லிவிடலாம். எங்கள் மாடி மட்டும் இல்லை, பிளாக் முழுக்க இது பரவிவிட்டது. நானும் பேனாவைத் தொடுவதை விட்டேன். எழுதத் தெரியாதவள் போல மைப்பெட்டியில் விரல் வைப்பேன். கற்றதை மறைத்துக்கொண்டு நிற்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்தேன்.

முதல் சனிக்கிழமை நான் போனது என்ன வாங்குகிறார்கள் என்று பார்க்கத்தான். எதிர் வீட்டுக்காரியும் கூட வந்தாள். அவள் பாய் வீட்டுப் பெண், ஜாக்கெட் தைக்கிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் மட்டும் பத்து வயது பெரியது.

வகுப்பு எடுக்க வந்தது ஒரு பெண், தாம்பரம் கோர்ட்டில் வக்கீல். முப்பது முப்பத்திரண்டு இருக்கும். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, அவளே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் நேராகக் கேட்டேன்.

"உன்ன யாரும்மா அனுப்பிச்சது?"

"யாரும் அனுப்பலைம்மா. நானாத்தான் வரேன்."

யாரும் அனுப்பாமல் எங்கள் ஆற்றங்கரைக்கு வந்தது வெள்ளம் ஒன்றுதான். நான் போய் உட்கார்ந்தேன். அவள் ஒரு தாளை எடுத்தாள், மைப்பெட்டியை எடுத்தாள். வந்தவர்கள் பட்டியலாம். எதிர் வீட்டுக்காரி என் இடுப்பில் இடித்தாள். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் மோதிர விரலை வைத்தேன். அறையில் இருந்த அத்தனை பேரும் மோதிர விரலை வைத்தார்கள். வக்கீல் பெண் தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்பை ஆரம்பித்தாள்.

உலகப் போரில் கோடிக்கணக்கான பேர் செத்த கதையைச் சொன்னாள். அதற்குப் பிறகு நாடுகளெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, ஓர் அரசாங்கம் தன் ஜனங்களை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விடக்கூடாது, மனுஷனாகப் பிறந்த எல்லோருக்கும் சில உரிமை உண்டு என்று முப்பது பிரிவாக எழுதி வைத்தார்கள் என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. டானிக் கொடுத்தவர்கள் பேசியதும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"எழுதிக்கினாங்க, சரி. மீறினா யாரு புடிப்பா? ஒலகத்துக்குன்னு ஒரு போலீஸ் ஸ்டேஷன் கீதா?" என்று கேட்டேன்.

"இல்லைம்மா."

"அப்பால எப்டி?"

"ஒவ்வொரு நாடும் சில வருஷத்துக்கு ஒரு தடவை என்ன செஞ்சோம்னு அறிக்கை குடுக்கணும். அங்க நிபுணர்கள் உக்காந்து கேள்வி கேப்பாங்க. இதை ஏன் செய்யலை, எப்பச் செய்வீங்கன்னு. பத்து நாட்டுக்கு முன்னாடி பதில் சொல்லணும்."

"அடங்கொப்புரானே, நாத்தனாருங்கோ மாதிரி" என்றாள் எதிர் வீட்டுக்காரி. அறையே சிரித்தது. வக்கீல் பெண்ணும் சிரித்தாள். "ஆமாக்கா, அப்படித்தான். அடிக்க முடியாது. ஆனா நாலு பேர் முன்னாடி கேட்டா ஒரு கூச்சம் வரும்ல?"

"கூச்சப்படறவங்க வூட்டுக்கு வண்டி அனுப்புவாங்களா?" என்றேன். போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, எல்லாம் ஆகும் என்று பொய் சொல்லுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது. பொய் சொல்கிறவளைக் கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சம் உண்மையைக் கொடுத்துப் பழக்குகிறவளை என்ன செய்வது?

இரண்டாவது சனிக்கிழமை ஒப்பந்தம் என்றால் என்ன என்று சொன்னாள். நாடுகளின் ஆட்கள் வந்து கையெழுத்துப் போடுவார்களாம். போட்டதோடு முடியாதாம். ஊருக்குத் திரும்பிப் போய், அரசாங்கம் 'ஏற்கிறோம்' என்று இன்னொரு தடவை உறுதி செய்ய வேண்டுமாம். அதற்கப்புறம்தான் கட்டுப்படுமாம்.

"சில நாடுங்க என்ன பண்ணும்னா, உறுதி செய்யும்போதே, இந்தப் பிரிவுக்கு மட்டும் நான் கட்டுப்பட மாட்டேன், இதை நான் இப்படித்தான் அர்த்தம் எடுத்துக்குவேன்னு தனியா எழுதி வெச்சிடும்."

எதிர் வீட்டுக்காரி என் காதில் குனிந்தாள். ஆனால் அவளுக்குக் காதில் பேசத் தெரியாது.

"யக்கா, அவுங்களும் மோதிர வெரல் தான்."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வக்கீல் பெண்ணுக்கு விஷயம் புரியவில்லை. "என்னக்கா, சொல்லுங்க, நானும் சிரிக்கிறேன்" என்றாள். ஒருத்தியும் சொல்லவில்லை.

அன்றைக்குப் படியேறும்போது அதையே நினைத்துக்கொண்டு ஏறினேன். இவ்வளவு பெரிய நாடுகள், கொடி, பட்டாளம் எல்லாம் வைத்துக்கொண்டு, காகிதத்தைக் கண்டால் எங்களைப் போலவே விரலை மடக்குகின்றன. அப்படியானால் அந்தக் காகிதத்தில் ஏதோ வலு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வலு இல்லாத காகிதத்துக்கு யார் பயப்படுவார்கள்? ஆறாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றேன். லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை.

லிஃப்ட் ஓடாததுதான் என் வீட்டின் துன்பம். என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாகத் திரும்பியது. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பார். தாம்பரத்து ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் கால் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் நின்ற நாளில் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஏழு மாடி இறக்குவார்கள். நல்ல மனுஷர்கள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. முகம் சுளித்தவர் இவர்தான். பத்து மாடி உயரத்துச் சாரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பூசியவர். ஒருநாள் இறக்கும்போது நாலாவது மாடி வளைவில் நாற்காலி சாய்ந்து, யாரோ "மூட்டையைப் புடிடா, மூட்டையைப் புடி" என்று கத்திவிட்டார்கள். வேலைப் பழக்கத்தில் வாயில் வந்த வார்த்தைதான். அதிலிருந்து அவர் இறங்க மறுத்துவிட்டார். மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பயிற்சி இல்லாத கால் மரத்துக்கொண்டே வந்தது.

"நான் கீய எறங்கினா என் கால்ல எறங்குவேன். இல்லாங்காட்டி வேணாம்" என்றார்.

கீழ்த்தளத்தில் ஒரு வீடு நாங்கள் வந்த நாள் முதல் பூட்டிக் கிடந்தது. அதை மாற்றிக் கொடுங்கள் என்று ஆபீஸுக்கு ஏழு எட்டு தடவை போயிருக்கிறேன். 'பாக்கலாம்' என்பார்கள். பார்த்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை வக்கீல் பெண் வீட்டைப் பற்றிப் பேசினாள். வீட்டு உரிமை என்றால் நாலு சுவரும் கூரையும் மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற ஆள் வெளியே போய்வர முடியவேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு ஏற்றதாகவும் இருக்கவேண்டும் என்றெல்லாம் அந்த உடன்படிக்கைகளுக்கு விளக்கம் எழுதியிருக்கிறார்களாம். நம் நாடும் அவற்றை ஏற்றிருக்கிறதாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எதிர் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"அப்ப இந்தக்கா வூட்டுக்காரரு ஏழாவது மாடியில ஜெயில்ல கீறாரே, அதுக்கு இன்னா எய்தி கீது?"

வகுப்பு முடிந்ததும் வக்கீல் பெண் என்னோடு ஏழு மாடியும் ஏறி வந்தாள். மூச்சு இரைத்தது அவளுக்கு. என் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசினாள். போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், சரி என்று போனை உள்ளே வைத்துவிட்டாள். இவர் படத்தை வெளிநாட்டில் காட்டி ஏதாவது வாங்கப் பார்க்கிறாளோ என்றுதான் எனக்கு ஓடியது. அவள் போனபின் அவர் சொன்னார்:

"நல்ல பொண்ணாத் தெரியுது."

"உனுக்கு எல்லாரும் நல்லவங்கோதான். டானிக்கை குடிச்சுட்டு நல்லாகீதுன்னு சொன்ன ஆளுதானே நீ?"

அடுத்த வாரம் ஒரு மனு எழுதிக் கொண்டுவந்தாள். மனித உரிமை விஷயங்களைக் கவனிக்கிற கமிஷனுக்கு அனுப்புவதற்கு. மனு என் பெயரில். அவர் இறங்க முடியாமல் இருப்பதும் கீழ்வீடு பூட்டிக் கிடப்பதும் உண்மைதான் என்று எங்கள் மாடிப் பெண்கள் இருபத்திரண்டு பேர் கீழே கைநாட்டு வைக்கவேண்டும்.

"குடுத்துட்டுப் போ. யாருகிட்டயாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிறேன்" என்றேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

நாலு நாள் படித்தேன். ஒரு வரியை மூன்று தடவை. எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. ஒரு சொல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் கடைசி வரிக்கும் விரல் வைக்கிற கட்டத்துக்கும் நடுவில் அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் வந்ததும் அதைப் பற்றிக் கேட்டேன்.

"முத்திரை, நம்பர் எல்லாம் போடறதுக்கும்மா."

அரைப் பக்கத்துக்கு முத்திரையா? அங்கே நாளைக்கு எது வேண்டுமானாலும் டைப் அடிக்கலாம். 'இந்த ஏழாவது மாடி வீட்டையும் மனமுவந்து ஒப்படைக்கிறோம்' என்றுகூட அடிக்கலாம். அவள் மைப்பெட்டியைத் திறந்தாள். இருபத்திரண்டு பெண்கள் என் கையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரருக்காக எழுதிய காகிதம். மூன்று மாதம் நான் தேடிய காகிதம். அதிலும் நான் மோதிர விரலைத்தான் வைத்தேன். அவர்களும் அதைத்தான் வைத்தார்கள்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அதே கீழ்த்தள அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். மனுவை விரித்து வைத்து, ஒரு புதுத் தாளை எடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் எதிர் வீட்டுக்காரி. அவர் அவள் கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் அழுத்தித் தாளில் வைத்தார். பக்கத்தில் மனுவை வைத்துப் பார்த்தார். புது ரேகை அகலமாக, நடுவில் சுழியோடு இருந்தது. பழையது ஒடுங்கி, ஓரத்தில் இழுத்த மாதிரி இருந்தது. இன்னொருத்தியைக் கூப்பிட்டார். மூன்றாவது ஒருத்தி. அவர் முகம் மாறியது.

"மேடம், இதுல ஒண்ணுகூட ஒத்துப் போகலையே. யாரோ ஒரே ஆள் உக்காந்து விரலை உருட்டி உருட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்றார் வக்கீல் பெண்ணிடம்.

"இல்லை சார். என் கண் முன்னாடி வெச்சாங்க."

"உங்க கண் முன்னாடியா, உங்க விரலாலயா? இதை நான் இப்படியே எழுதி அனுப்பினா மனு தள்ளுபடி. அதோட போகாது. போலி மனு தயார் பண்ணீங்கன்னு உங்க தொழிலுக்கே வரும்."

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நீங்கதானே வெச்சீங்க? சொல்லுங்கம்மா."

என் மனசில் முதலில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இவர்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு எங்கள் வாயைப் பிடுங்குகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவர் மிரட்ட, ஒருத்தி கெஞ்ச, நாம் உளற, இத்தனை வருஷம் மோதிர விரல் வைத்த காகிதத்தையெல்லாம் எங்களுக்கு எதிராக எடுத்து வைப்பார்கள். எதிர் வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். பேசாதே என்று அர்த்தம். பேசினால் எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே தடுப்பு போய்விடும். பேசாவிட்டால் கீழ்வீடு போய்விடும், அவர் கால் போய்விடும், இந்தப் பெண்ணின் தொழிலும் போகலாம்.

அவளை அப்போதும் நான் நம்பவில்லை. அடுத்து நான் செய்ததைப் பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனால் என் விரல் செய்த வேலைக்கு இன்னொருத்தி போலி என்று பேர் வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

எழுந்து போய், அவர் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, மோதிர விரலை மையில் தொட்டு உருட்டி வைத்தேன்.

"இப்ப பாரு சார்."

அவர் குனிந்து பார்த்தார். மனுவைப் பக்கத்தில் இழுத்து மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா இப்படி?"

"நம்பல. அத்தொட்டு."

"யாரை நம்பலை?"

"யாரையும் நம்பல. நல்லா நம்பி ஒரு தபா வெச்சோம், வூடு பூட்ச்சு. அதுலேர்ந்து இப்படித்தான்."

"இந்த மாதிரி எத்தனை பேப்பர்ல வெச்சிருக்கீங்க?"

"அது உன் கேஸ்ல இல்ல சார். இந்தப் பேப்பரைப் பத்திக் கேளு, சொல்றேன்."

யாரோ பின்னால் சிரித்து அடக்கினார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. வக்கீல் பெண் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல் நாள்லேர்ந்தேவா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "டீ குடிச்சீங்களே" என்றாள். டீ நன்றாகத்தான் இருந்தது என்றேன்.

"நீங்க சொன்னதை நான் வாக்குமூலமா எழுதிக்கிறேன். கீழே ரேகை வைங்க, கட்டைவிரல்" என்றார் அதிகாரி.

"நீ எய்த வேணாம். பேனாவைக் குடு."

பெரும்பாக்கத்துக்கு வந்தபின் நான் எழுதி யாரும் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எழுதினேன். என் எழுத்து மெதுவானது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் ஐந்து மாதத்துக்கு மேலாகக் கீழே இறங்கவில்லை, கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது, இந்த மனுவில் உள்ளது உண்மை, விரல் எங்களுடையது, வேண்டுமென்றே வேறு விரல் வைத்தோம், வக்கீலுக்கு இது தெரியாது. இவ்வளவுதான். எழுதி முடித்ததும், கடைசி வரிக்கு ஒட்டியே என் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே மிச்சமிருந்த இடம் முழுக்கக் குறுக்காக ஒரு கோடு இழுத்தேன்.

"இது எதுக்கு?" என்றார்.

"யாரும் எதுவும் சேர்த்து எய்தாம இருக்க."

அவர் அந்தக் கோட்டின் முனையில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டார். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து மோதிர விரலை வைத்தார்கள். எல்லாம் ஒத்துப்போயிற்று. ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கான விலை உடனே தெரிந்தது. இப்போது எந்தக் காகிதத்துக்குப் போனாலும், 'கட்டைவிரல், கட்டைவிரல்' என்று கையைப் பிடித்து இழுத்து வைக்கிறார்கள். விஷயம் எப்படிப் பரவியது என்று தெரியவில்லை, பரவிவிட்டது. எதிர் வீட்டுக்காரி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கதவைத் திறந்தால் அவள் கதவைச் சாத்துவாள். ஒருநாள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, எனக்குக் கேட்கும்படி தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள். "அவுங்க வெரலைக் காமிச்சாங்க சரி. நம்ம வெரலையும் சேர்த்து ஏன் காமிக்கணும்?" அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

அதற்கு நான் செய்தது சனிக்கிழமை வகுப்பின் நடைமுறையை மாற்றியதுதான். என் இஷ்டத்துக்கு. வக்கீல் பெண்ணிடம் போய், "இனிமே காயிதத்தை மொதல்ல எல்லாருக்கும் உரக்கப் படி. அப்பால காலி எடத்துல கோடு போடு. அப்பால வெரல்" என்றேன். அவள் சரி என்றாள். இப்போது ஒவ்வொரு காகிதத்தையும் ஒருத்தி உரக்கப் படிக்கிறாள், இன்னொருத்தி கோடு போடுகிறாள். நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

கீழ்வீட்டின் சாவி வந்தது. வந்த உத்தரவை மூன்று நாள் படித்தேன். 'மறு உத்தரவு வரும்வரை' என்று ஒரு சொல் இருந்தது. அந்த மறு உத்தரவு எப்போது வரும், யார் போடுவார்கள் என்று கேட்டேன். சும்மா எழுதுவதுதான் என்றார்கள். சும்மா எழுதுகிற சொல் ஒன்றையும் நான் இதுவரை பார்த்ததில்லை. வீட்டைத் திறந்து பார்த்ததும் அது ஏன் இத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்று தெரிந்தது. ஒரு மழை பெய்தால் குளியலறைக் குழி வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலே வருகிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறை. வக்கீல் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் உட்கார்ந்து அடுத்த மனுவை எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டு வந்தேன். அவளை நம்புகிறேனா என்று கேட்டால், அவள் எழுதுவதைப் படிக்கிறேன். அவ்வளவுதான் சொல்லுவேன்.

சாக்கடை வந்தாலும் படி இல்லாத வீடு என்று அதற்கே போக முடிவு செய்தோம். சாமான் இறக்கும் நாளில் எதிர் வீட்டுக்காரி வந்து, கேட்காமலே, பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். "காட்டிக் குடுத்தவ வூட்டுச் சாமான் செம கனமா கீது" என்று சொல்லிக்கொண்டே ஏழு மாடியும் இறங்கினாள். என் வீட்டுக்காரரைக் கடைசியாக ஒரு தடவை நாற்காலியில்தான் இறக்கவேண்டி இருந்தது. அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். ஆட்டோ வாசலில் நின்றது. கதவிலிருந்து ஆட்டோவுக்குப் பன்னிரண்டு பதிமூன்று அடிதான். தூக்கிப் பழகிய நாலு பேரும் வந்து நின்றுவிட்டார்கள். அவர் வாக்கரை எடுத்துக்கொண்டு, "தள்ளு" என்றார். தள்ளி நின்றார்கள். வாக்கரைத் தூக்கி வைப்பார், நல்ல காலை வைப்பார், மற்றக் காலை இழுப்பார். நடுவில் ஒருதடவை நின்று பிளாக்கை அண்ணாந்து பார்த்தார், பூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவர் போல. நான் ஒரு அடி பின்னால் போனேன். பிடிக்கவில்லை. ஆட்டோக்காரர் இறங்கிக் கை கொடுக்க வந்தார்.

"வேணாம்ப்பா, அவரே ஏறுவாரு" என்றேன்.

ஏறினார்.